கருவாட்டுப் பந்தலில் ஒரு கமரா

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டியதில்லை என்பது நம்மவர் வழக்கு. மணமே வழிகாட்டிவிடும் என்பது அதன் கருத்து. அந்த நியாயப்படி பார்த்தால் கருவாட்டுக் கடைக்கும் விளம்பரம் வேண்டியதில்லை. அரைக்கட்டை தூரத்துக்கு அப்பாலிருந்தே அது தன் இருப்பிடத்தை அறிவித்துவிடும். ஆனால், இக்காலத்தில் பொருள் வாங்குபவர் வீதியிலே நடந்து வந்து கடையைக் கண்டுபிடிப்பதில்லை. வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே உள்ளங்கை அளவான கண்ணாடித் திரையொன்றைப் பெருவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். அந்தத் திரைக்குக் கண் உண்டு; காது உண்டு; மூக்கு மாத்திரம் இல்லை. ஆகவே, பூக்காரரும் கருவாட்டுக்காரரும் இன்று ஒரே நிலைக்கு வந்துவிட்டனர். இருவரும் தத்தம் தொழிலைக் கண்ணுக்குக் காட்டியே ஆகவேண்டும்.

இந்த உண்மையை எனக்கு உணர்த்தியவன் என் பழைய மாணவன் ஒருவன். கல்லூரியிலே தமிழ் கற்பிக்கும் எனக்கும் கருவாட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நான் பரம்பரையாக மரக்கறிக்காரன். அப்படியிருக்க, சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் அவன் தொலைபேசியில் அழைத்து, “சேர், எங்கடை கருவாட்டுக்கு நாலு வரி வசனம் எழுதித் தரவேணும். வீடியோ எடுக்கப்போறன்” என்றபோது எனக்குச் சிரிப்பே வந்தது. இருந்தும், மாணவன் கேட்டால் ஆசிரியன் மறுக்கலாகாது என்ற எண்ணத்தில், அடுத்த சனிக்கிழமை நாயாற்றுக்குப் பயணமானேன். வசனம் எழுதப் போனவன் கதியால் நட்டுத் திரும்பிய கதையே இக்கட்டுரை.

நாயாற்றங்கரையில்

முல்லைத்தீவு நகரிலிருந்து தெற்கே கொக்கிளாயை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில் சிலாவத்தை, அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்தால் நாயாறு வரும். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் களப்பு, இரண்டும் சந்திக்கும் வாயிலில் ஒரு பாலம். கடலில் வலை போடலாம். களப்பில் இறால் பிடிக்கலாம். இயற்கை இரு கைகளாலும் வாரி வழங்கிய இடம் அது. ஆனால், வாழ்ந்தவர்கள் பட்ட துன்பமும் அந்த அளவுக்குக் குறைந்ததன்று. 1984 ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு ஆகிய ஊர்களின் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. 2009 மே மாதத்தில் போர் ஓய்ந்த பின்னரே இவ்வூர்களுக்கு மக்கள் படிப்படியாக மீண்டனர். 2018 ஆகஸ்டிலே நாயாற்றுக் கரையில் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீக்கிரையான செய்தியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இத்தகைய கரையொன்றிலேதான் என் மாணவனின் தாயார், அயலிலுள்ள இரண்டு பெண்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கருவாடு போட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்தார். தந்தையார் போரின் இறுதி மாதங்களிலே காலமாகிவிட்டார். கரையில் மீனை வாங்கி, வெட்டி, உப்பிட்டு, காயவைத்துச் சாக்கிலே கட்டிவைத்தால், வாரத்துக்கொருமுறை லொறியில் வரும் வியாபாரி எடுத்துச் செல்வார். அவர் சொன்னதே விலை. ஏறத்தாழ மூன்று கிலோ பச்சை மீன் சேர்ந்தால்தான் ஒரு கிலோ கருவாடு கிடைக்கும் என்பதும், உப்பும் கூலியும் வேறு என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் விற்பவருக்கு வேறு வழியில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

இம்முறை மகன் ஒரு துணிச்சலான காரியம் செய்திருந்தான். நாற்பது கிலோ கருவாட்டை வியாபாரியிடம் கொடுக்காமல் நிறுத்தி வைத்துவிட்டான். ஐப்பசி மழைக்கு முன்னர் அதனைச் சிறு பைகளாக்கி நேரடியாக வீடுகளுக்கு விற்றுவிடுவது அவனது திட்டம். அதற்காகத் தவணைப் பணத்திலே புதிய கைத்தொலைபேசி ஒன்றும் வாங்கியிருந்தான். ஏற்கனவே மூன்று வீடியோக்கள் எடுத்து யூரியூப்பிலும் பேஸ்புக்கிலும் இட்டிருந்தான். அவற்றை எனக்குப் போட்டுக் காட்டினான். முதலாவதில் கை நடுங்கிக் கடல் சாய்ந்து கிடந்தது. இரண்டாவதில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மூன்றாவதில் சினிமாப் பாட்டொன்று முழங்க, “வாங்கோ, வாங்கோ” என்று அவன் கூவிக்கொண்டிருந்தான்.

“எத்தனைபேர் வாங்கினவை?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லை, சேர். எங்கடை சொந்தக்காரர்தான் ‘லைக்’ போட்டிருக்கினம்.”

50 விநாடியின் வரலாறு

அன்று மாலை களப்பங்கரையில் இருந்து அவனுக்கு நான் ஒரு பழைய கதையைச் சொன்னேன். உலகில் சலனப்படக் கலையை மக்கள் முன் நிறுத்திய லூமியர் சகோதரர்கள், பிரான்சு தேசத்து லியோன் நகரிலே புகைப்படத் தகடு செய்யும் குடும்பத் தொழிற்சாலை ஒன்றை நடத்தியவர்கள். 1895 ஆம் ஆண்டு அவர்கள் முதன்முதலாகக் கமராவைத் திருப்பியது எந்த அரசனையும் நோக்கியன்று. தங்கள் சொந்தத் தொழிற்சாலையின் வாயிலை நோக்கியே. வேலை முடிந்து தொழிலாளர் வெளியேறும் அக்காட்சி ஏறத்தாழ 50 விநாடிதான் ஓடும். சுமார் 17 மீற்றர் நீளமான சுருளில் அவ்வளவே அடங்கும். அவ்வாண்டு டிசம்பர் 28 இல் பாரிஸ் நகரில் கட்டணம் வாங்கிக் காட்டப்பட்ட பத்துப் படங்களில் அதுவும் ஒன்று. ஆக, ஒரு குடும்பத் தொழிலின் குறும்படத்தோடுதான் சினிமாவின் சரித்திரமே தொடங்குகின்றது!

இன்று யூரியூப்பிலே குறும்வீடியோ என்று வழங்குவதும் நெடுங்காலம் 60 விநாடிக்குள் அடங்கவேண்டும் என்ற விதிக்கு உட்பட்டிருந்தது. 2024 ஒக்டோபரிலேதான் அது 3 நிமிடமாக நீட்டப்பட்டது. எனினும், ஒரு நிமிடத்துக்குள் ஒன்றைச் சொல்லி முடிப்பதே பார்ப்பவருக்கு இதம். நூற்று முப்பது ஆண்டுகளின் பின்னரும் மனிதனின் பொறுமை ஏறக்குறைய அதே 50 விநாடியில்தான் நிற்கின்றது போலும்.

கதையின் சாரம் இனித்தான் வருகின்றது. அந்த ஒரே காட்சியை லூமியர் குடும்பத்தார் மூன்று முறை படமாக்கினர். ஒன்றில் ஒற்றைக் குதிரை பூட்டிய வண்டி வரும்; மற்றொன்றில் இரட்டைக் குதிரை; இன்னொன்றில் குதிரையே இல்லை. எப்பொழுது கதவு திறக்கவேண்டும், எவர் எந்தப் பக்கமாக நடக்கவேண்டும் என்பதெல்லாம் யோசித்து மீண்டும் மீண்டும் எடுத்திருக்கின்றனர். தற்செயலாக நடந்ததுபோலத் தோன்றும் 50 விநாடிக்குப் பின்னால் அத்தனை ஆயத்தம். “நீ ஒரு நாளில் மூன்று படம் எடுத்தாய், அவர்கள் ஒரு படத்தையே மூன்று முறை எடுத்தார்கள். வித்தியாசம் விளங்குகின்றதா?” என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

தேயிலைக்கு எடுத்த படம்

அந்நியர் கதை வேண்டாமென்றால் நம் நாட்டுக் கதையே இருக்கின்றது. 1930களில் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையார், நம் நாட்டைப் பற்றி நான்கு குறும்படங்கள் வேண்டுமென்று விரும்பினர். அவற்றை எடுக்கப் பசில் ரைட் என்ற ஆங்கில இளைஞர் வந்து சேர்ந்தார். அவரே கமராவையும் இயக்கினார். நான்கு துண்டுகளாக எண்ணியது ஈற்றில் நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படமாயிற்று. அதுவே ‘சோங் ஒவ் சிலோன்’. ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடும் அப்படம், 1935 இல் பிரசல்ஸ் நகரில் நடந்த திரைப்பட விழாவிலே முதற் பரிசு பெற்றது.

தேயிலைக்காரரின் பணத்தில் எடுத்த படமாயினும், ‘வாங்குங்கள், வாங்குங்கள்’ என்று அது எங்கும் கெஞ்சவில்லை. மலையேறும் யாத்திரிகரையும், ஆடப் பழகும் சிறுவரையும், உழைக்கும் கைகளையும் காட்டிற்று. கொழுந்தும் கப்பலும் இடையிலே வந்தன. நாட்டின் மீது மதிப்புத் தோன்றினால் அதன் விளைபொருள் மீதும் மதிப்புத் தோன்றும் என்பது அதனை எடுத்தவர்களின் நம்பிக்கை. மற்றுமொரு செய்தி நம் மாணவனுக்கு மிகவும் வேண்டியதாயிருந்தது. அப்படத்தின் காட்சிகள் இலங்கையில் எடுக்கப்பட்டன. ஒலியோ பின்னர் இலண்டனில் தனியாகச் சேர்க்கப்பட்டது. விளக்கவுரையைப் பேசியவர் நம் நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் லயனல் வென்ற். காற்று இரைகின்ற கரையில் நின்றுகொண்டே கத்தவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை என்பதை அன்றே அவர்கள் அறிந்திருந்தனர்.

கமராவுக்கு முன்னர் காகிதம்

மறுநாட் காலையில் கைத்தொலைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து வரச் சொன்னேன். முதற் பக்கத்தில் மூன்று வினாக்களை எழுதினோம். இதனைப் பார்க்கப்போகின்றவர் யார்? அவர் மனத்தில் இருக்கும் சந்தேகம் என்ன? பார்த்து முடித்ததும் அவர் என்ன செய்யவேண்டும்?

முதலாவது வினாவுக்கே அரைமணி நேரம் சென்றது. “உலகம் முழுக்கப் பார்க்கட்டும்” என்றான் அவன். உலகம் முழுவதும் நாயாற்றுக்கு வந்து கருவாடு வாங்கப்போவதில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, கடற்கரைக்கு வர அவகாசமின்றி, நல்ல கருவாடு எங்கே கிடைக்கும் என்று ஏங்கும் குடும்பத் தலைவி ஒருத்தியை மனத்திலே நிறுத்திக்கொண்டோம். அவளுக்கு எழக்கூடிய சந்தேகம் யாது? விலையா? அன்று. அடுக்களையில் நின்ற தாயார் அதனை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: “மண்.”

கடைக் கருவாட்டைச் சட்டியிலே இடுமுன் நாலு முறை அலசினாலும் பல்லிலே மணல் நெறுநெறுக்கும். ஈ மொய்த்ததோ, நாய் மிதித்ததோ என்ற அருவருப்பு வேறு. இவற்றைத் தீர்க்காத வீடியோ, எவ்வளவு அழகாயிருந்தாலும், வெறும் பொழுதுபோக்கே.

பின்னர், ஒரு நிமிடத்தைத் துண்டுகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு காட்சியும் நாலைந்து விநாடி. ஆக, பன்னிரண்டு அல்லது பதின்மூன்று காட்சிகள். விடியற்காலைப் படகு, கூடையில் மின்னும் மீன், கத்தி பிடித்த கை, கழுவும் தண்ணீர், மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்காக இடும் உப்பு, தொட்டி, வெயில், காய்ந்த கருவாடு முறியும் ஓசை, தராசு, பை, பையின் மீது நிறை, விலை, பொதிசெய்த திகதி, காலாவதித் திகதி, ஈற்றில் தொலைபேசி இலக்கம். வசனத்தை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தோம். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்கு எண்பது சொற்களே கொள்கின்றன. நான் அலங்காரமாக எழுதிக்கொண்டு போயிருந்த நூற்றைம்பது சொற்களில் ஏறத்தாழப் பாதி வெட்டுண்டன. தமிழாசிரியருக்கு அஃது ஒரு நல்ல பாடம்.

சினிமாப் பாட்டையும் நீக்கினோம். பிறர் ஆக்கிய பாட்டை அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறானது. அன்றியும், அலை ஓசையும், உப்பு விழும் ஓசையும், கத்தி பலகையில் படும் ஓசையும் இருக்க, வாடகைக்கு ஒரு பாட்டு எதற்கு?

பந்தல் எழுந்த கதை

காட்சிப் பட்டியலில் ‘வெயில்’ என்ற இடம் வந்ததும் எல்லோரும் மௌனமானோம். ஏனெனில், அன்றுவரை அவர்களும் மற்றவர்களைப் போலவே பெரும்பகுதிக் கருவாட்டை மணலில் விரித்த பழைய வலையின் மேலேயே காயப்போட்டு வந்தனர். முதுகில் உப்புச் சுமந்து வந்த தாயாரை வாசலிலேயே மறித்து, மகன் தன் யோசனையைச் சொன்னான்: “அம்மா, படம் எடுக்கிற அண்டைக்கு மட்டும் இரண்டு தட்டி கட்டி அதிலை கொஞ்சத்தைப் பரப்புவம். பாக்கிறவைக்கு நல்லாயிருக்கும்.”

தாயார் சுமையை இறக்கி வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பேசவில்லை.

“படத்திலை ஒண்டு, பைக்குள்ளை ஒண்டோ மோனை? மண் கடிபட்டால் அந்தப் பிள்ளை ஆரைத் திட்டும்? உன்ரை கமராவையோ, என்னையோ?”

நான் பல்கலைக்கழகத்திலே விளம்பர அறம் பற்றி எதுவும் படித்தவனல்லன். படித்திருந்தாலும் அந்த அம்மாவின் வாக்கியங்களுக்கு மேல் எனக்கு ஒன்றும் கிடைத்திராது. லூமியர் தொழிற்சாலைக் கதவு திறக்கும் நேரத்தை ஒழுங்குசெய்தது ஆயத்தம். காட்டுவதற்கென்று மாத்திரம் இரண்டு தட்டி கட்டுவது ஏமாற்று. இரண்டும் கமராவுக்கு ஒன்றாகவே தெரியும். வாங்கியவளின் நாவுக்கு வேறாகத் தெரியும்.

ஆகவே, ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். மணலிலே காய்ந்த அந்த நாற்பது கிலோவைப் பழைய வியாபாரிக்கே, அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிடுவது. பந்தல் கட்டி, அதில் காய்ந்த புதுக் கருவாட்டை மாத்திரம் படமெடுத்து விற்பது. சொல்வதற்கு எளிது, செய்வதற்குப் பணம் வேண்டுமே! கூரைக்குத் தகரம் வாங்கவென்று தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த பணத்தை எடுத்து மகனின் கையிலே வைத்தார். மாரிக்கு இன்னும் இரண்டு மாதமே இருந்தது. மகன் அதனை வாங்கத் தயங்கினான். “கூரைக்குத் தறப்பாள் போடலாம், கருவாட்டுக்குப் போடேலாது” என்று கூறிவிட்டு அவர் உள்ளே சென்றுவிட்டார்.

வேலியிலிருந்து பூவரசங் கதியால்கள் வெட்டப்பட்டன. மூன்றடி உயரத்தில் கமுகஞ்சலாகை பரப்பி, அதன்மேல் புது நைலோன் வலையை இழுத்துக் கட்டினோம். நானும் இரண்டு வார இறுதிகளில் சென்று குழி தோண்டினேன். நிலத்திலிருந்து உயர்த்திக் காயவிட்டால் காற்று மேலும் கீழுமாகப் புகுந்து மீன் விரைவில் காயும், மணல் ஒட்டாது, நாயும் எட்டாது. ஈ முட்டையிடாதபடி மேலேயும் மெல்லிய வலை ஒன்று. வெட்டும் பலகை மாற்றப்பட்டது. உப்புத் தொட்டிக்கு மூடி வந்தது. பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சென்று கேட்டு, கையுறையும் தலைமூடியும் வாங்கினர். நிறைக்கும் தராசு சரிபார்க்கப்பட்டது.

இவையனைத்தும் வீடியோவுக்கான ஆயத்தம் என்றே தொடங்கின. ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, வீடியோவை எடுக்காமல் விட்டாலும் நட்டமில்லை என்னும்படி தொழிலே மாறிப்போயிருந்தது. படம் பிடிப்பதற்கு ஆயத்தம் செய்வது என்பது தொழிலைச் செம்மை செய்வதன்றி வேறல்ல என்பதை நான் அங்கேதான் கண்டேன். வீட்டுக்கு விருந்தினர் வருகின்றனர் என்றால் முற்றத்தைக் கூட்டுகின்றோமல்லவா? கமராவும் ஒரு விருந்தினரே. வேறுபாடு என்னவென்றால், அது ஆயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு வரும் விருந்தினர்.

வெளிச்சமும் காற்றும்

நாயாற்றில் சூரியன் கடலிலே உதித்துக் களப்பின் பக்கமாகச் சாய்கின்றான். இதனைக் கவனியாததனாலேயே முதல் வீடியோக்களில் எல்லோருடைய முகமும் கரிக்கட்டை போலிருந்தது. காலையில் கடலுக்கு முதுகுகாட்டி நின்று எடுத்தால், ஒளி நம் தோளுக்கு மேலாகச் சென்று எதிரே நிற்பவரின் முகத்தில் விழும். மாலையில் களப்புக்கு முதுகுகாட்டவேண்டும். உச்சிவெயிலில் எடுக்கவே கூடாது. கண்ணின் கீழ் நிழல் விழும். மீனும் வெளிறித் தோன்றும். ஆகவே, காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடைப்பட்ட நேரத்தையே எமது ‘ஸ்ரூடியோ’வாக வைத்துக்கொண்டோம். வாடகையில்லாத ஸ்ரூடியோ!

கைத்தொலைபேசியைச் செங்குத்தாகப் பிடிக்கவேண்டும். குறும்வீடியோக்கள் 9 க்கு 16 என்ற அளவில், உயரம் கூடியனவாக அமைகின்றன. முக்காலி வாங்கப் பணமில்லாமையால், மரக்கட்டையொன்றில் பிளவு வெட்டிச் செருகிக்கொண்டோம். கடற்காற்றிலே உப்புப் படிவதால், ஒவ்வொரு காட்சிக்கு முன்னரும் கமராவின் கண்ணை மென்துணியால் துடைத்தோம். முதல்நாளிரவே மின்னேற்றி, பழைய படங்களை அழித்து இடம்செய்து, எடுக்கும் வேளையில் அழைப்புகள் வராதபடி நிறுத்திவைத்தோம். பேச்சை, பசில் ரைட் காட்டிய வழியிலே, வாடிக்குள் இருந்து தனியாகப் பதிவுசெய்து பின்னர் சேர்ப்பதென முடிவாயிற்று. படையினரின் முகாமோ, அயலவரின் வளவோ, பிறர் படகோ படத்தில் விழலாகாது என்று கமரா திரும்பக்கூடிய எல்லையையும் மணலிலே கோடு கீறி வைத்தோம்.

முகமும் கையும்

துணைக்கு வரும் பெண்களில் ஒருவர், தம் முகம் படத்தில் வரக்கூடாது என்றார். காரணத்தை நாம் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. அவருடைய கைகளை மாத்திரம் எடுக்கலாமா என்று கேட்டோம். சற்று யோசித்துச் சம்மதித்தார். தாயாரும் முதலில், “இந்தக் கிழட்டு முகத்தை ஆர் பாக்கிறது?” என்று ஒதுங்கினார்.

அப்பொழுது நான் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்துக் கதையைச் சொன்னேன். அவ்வூரிலே பேரப்பிள்ளைகளும் பெரியதம்பி என்ற பாட்டனாருமாகச் சேர்ந்து 2018 இல் ‘வில்லேஜ் குக்கிங் சானல்’ என்று வயலோரத்தில் சமைத்துக் காட்டத் தொடங்கினர். 2021 இல் அவர்களைத் தொடர்வோர் தொகை ஒரு கோடியை எட்டிற்று. அங்கே மக்களைக் கவர்ந்தது இளமையோ ஒப்பனையோ அன்று. வேலை தெரிந்த கைகளும், அந்தக் கைகளுக்குரியவரின் மலர்ந்த முகமுமே.

“எழுதிக் கொடுத்ததைப் பாடமாக்கவேண்டாம், அக்கா. எனக்குக் கருவாடு தெரியாது, எனக்கு விளங்கப்படுத்துங்கள்” என்றேன். மரக்கறிக்காரனாயிருந்ததன் பயனை வாழ்க்கையில் அன்றுதான் அனுபவித்தேன். அவர் ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்: எந்த மீனை முதுகுப்பக்கம் பிளப்பது, உப்பு எவ்வளவு நேரம் ஊறவேண்டும், காய்ந்ததை விரலால் எப்படி அறிவது என்று. என் எண்பது சொற்களில் எஞ்சியது தொலைபேசி இலக்கம் மாத்திரமே.

பொத்தானை அமர்த்திய பின்

ஆவணி மாதக் கடைசியில், ஒரு காலை இரண்டு மணி நேரத்துள் படம் எடுத்து முடிந்தது. ஏறத்தாழ ஆறு வாரம் ஆயத்தம். இரண்டு மணி நேரம் படப்பிடிப்பு. 58 விநாடி வீடியோ. ஒரே நாளில் உலகம் திரண்டு வந்துவிட்டது என்று எழுதினால் வாசகர்கள் மகிழலாம். ஆனால் அவ்வாறு நடக்கவில்லை. முதல் வாரத்தில் பதினொரு அழைப்புகள் வந்தன. நால்வரே வாங்கினர். அடுத்த மாதம் அந்த நால்வரும் மறுபடியும் கேட்டனர். அவர்களில் ஒருவர் தம் அலுவலகத்தாருக்கும் சேர்த்து ஐந்து கிலோ அனுப்பச் சொன்னார். “மண் இல்லை” என்று அவர் வட்ஸ்அப்பில் எழுதிய இரண்டு சொற்களை மாணவன் எனக்கு அனுப்பிவைத்தான். பார்த்தவர் எத்தனைபேர் என்ற கணக்கைவிட, மறுபடி கேட்டவர் எத்தனைபேர் என்ற கணக்கே வியாபாரத்தின் கணக்கு.

கார்த்திகை மாதத்தில் நான் மீண்டும் சென்றபோது வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கூரையின் மேல் தறப்பாள் படபடத்தது. நடுவீட்டில் ஒழுக்குக்கு இரண்டு வாளிகள் வைக்கப்பட்டிருந்தன. மழைக்காலத்தில் கருவாடு காயப்போட முடியாதாகையால், பொதிசெய்யும் காட்சியொன்றை வீட்டுக்குள் எடுக்க மகன் ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் தறப்பாளும் வாளியும் வந்து விழுந்தன.

“அம்மா, உள்ளதைக் காட்டவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? இதையும் காட்டட்டோ?” என்று பாதி விளையாட்டாகவும் பாதி மெய்யாகவும் கேட்டான்.

தாயார் வாளியை நகர்த்திவிட்டு, பொதி செய்யும் மேசையைச் சுவரோரமாக இழுத்துப் போட்டார்.

“கருவாட்டைத்தானே மோனை விக்கிறம், கூரையை விக்கேல்லையே. விக்கிறதை ஒளிக்காதை. விக்காததைக் காட்டாதை.”

குறும்வீடியோ எடுக்க எண்ணும் சிறு தொழிலாளர் அனைவரும் தங்கள் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவைக்கவேண்டிய வசனம் அது. நான் எழுதப் போன நாலு வரியைவிட அந்த ஒரு வரி எவ்வளவோ மேல்.